எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கடை திறப்பதில்லை. விடுமுறை நாளிலும் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவைத்து, குனிந்து வருகிறவரை வாடிக்கையாளர் என்றும் எட்டிப் பார்க்கிறவரை அதிகாரி என்றும் பிரித்தறிந்து வியாபாரம் செய்கிற கடைகள் இந்தத் தெருவில் உண்டு. எங்கள் கடை அப்படியல்ல. திங்கள் மாலை ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தால் புதன் காலை ஒன்பதுக்குத்தான் சாவி திரும்பும்.

இதை முதலில் சொல்லக் காரணம், இன்ஸ்பெக்டர் சார், நேற்று வந்த உங்கள் நோட்டீஸ். எங்கள் பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கம் கடைசி வரியில், ஆக்சிஜன் மெஷின் ஒன்று எட்டாம் தேதி வாங்கப்பட்டதாக இருக்கிறது. எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. வார விடுமுறையில் பொருள் வாங்கியதற்காக லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கத்துக்கான படிவத்தில் பன்னிரண்டு வரிக்குத்தான் இடம். போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இதுவரை யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் இணைத்திருக்கிறேன்.

விடுமுறை நாளில் நான் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. என்மேல் யாரும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், இதை மட்டும் சொல்லக் கூடாது.

கடை என் மாமனாருடையது. கட்டில், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம். ஒரு வீட்டுக்கு வேண்டாதது இன்னொரு வீட்டுக்கு வேண்டியதாகும்வரை எங்களிடம் இருக்கும். அப்படி இருப்பதற்கு முப்பத்தொரு விதிகள். அவற்றில் இரண்டு குடைகளைப் பற்றியவை. குடைக்கு எதற்குத் தனி விதி என்று ஒருமுறை உங்கள் அலுவலகத்தில் கேட்டேன். தெரியாது, ஆனால் மீறக் கூடாது என்றார்கள்.

மாமாவுக்கு முப்பத்தொன்றும் மனப்பாடம். லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, விதி சொல்கிறபடி வாசலுக்கு நேராகக் கண் மட்டத்தில் மாட்டியிருந்தார். கண் மட்டம் என்றால் அவருடைய கண் மட்டம். நான் அவரைவிட உயரம் என்பதால் ஒன்பது வருஷமாகக் குனிந்துதான் அதைப் பார்த்தேன்.

ஒன்பதாவது விதியை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் இந்தத் தாள் உங்களுக்குப் பிறகு வேறு யார் கைக்காவது போகும் என்பதால் எழுதுகிறேன். கடைக்கு எந்தப் பொருள் வந்தாலும், வந்த நாளை விட்டுவிட்டு, பதினைந்து முழு நாள் தொடாமல் வைத்திருக்க வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்தால் உரியவர் தேடி வருவதற்கான அவகாசம் அது. அதுவரை விற்பனைக்காகவோ, இரவலாகவோ, குடும்ப உபயோகத்துக்காகவோ அது கடையை விட்டு வெளியே போகக் கூடாது. அடையாளமாக மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டித் தேதி எழுதி, விற்றவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதற்குக் காத்திருப்பு என்று பெயர்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. புதிதாக வருகிற வாடிக்கையாளர் யாராவது என்னைப் பார்த்து, “இவர் யாருங்க?” என்று கேட்டால் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிடும்.

“நம்ம மாப்பிள்ளை. வேற கடையில வேலை பார்த்துட்டு இங்க வந்தவர். இன்னும் மஞ்சள் சீட்டு கழட்டல.”

“எத்தனை நாள் காத்திருப்புங்க?”

“பார்ப்போம், உரியவங்க யாராவது தேடி வர்றாங்களான்னு.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதான். ஒன்பது வருஷத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட அவர் ஒரு சொல்லை மாற்றியதில்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு தையல் மெஷின், காத்திருப்பு முடிய ஒரே ஒரு நாள் இருந்தது. வாங்க வந்த அம்மாவுக்குக் கையில் அவசர வேலை. பள்ளிச் சீருடை நாற்பது. பதினான்காம் நாளே கொடுத்துவிட்டேன். மாலை மாமா பதிவேட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. “போய் எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை” என்றார். கடைத்தெரு வழியாகத் தலையில் சுமந்து கொண்டுவந்தேன். ஒரு நாள் கடையில் வைத்திருந்தோம். காலையில் அதே தெரு வழியாக மறுபடி தலையில் சுமந்துபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு தடவையும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா என்னன்னு நினைக்கிற ஆள் கையில லைசென்ஸ் இருக்கக் கூடாது” என்றார் மாமா, நான் திரும்பி வந்ததும்.

அதன் பிறகு ஒன்பதாவது விதியை நான் மீறியதில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்கு நுரையீரல் கெட்டது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் குழாய், இருபத்து நான்கு மணி நேரமும். குளிர்சாதனப் பெட்டி பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். கடைசி இரண்டு மாதம் அவர் கடைக்கு வரவில்லை. கடையை நான் பார்த்தேன், அவரை என் மனைவி பார்த்தாள்.

இனி லைசென்ஸ் விஷயம். இந்த ஊருக்கு மொத்தம் பதினோரு லைசென்ஸ். பன்னிரண்டாவது கிடையாது. வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்வரை அதை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ முடியாது. திருப்பிக் கொடுத்தால் அது வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போகும்; வரிசையில் நாற்பத்து மூன்று பேர். இறந்துபோனால் மட்டும், கடையில் தொடர்ந்து மூன்று வருஷம் வேலை செய்த குடும்பத்தாருக்கு வரும். இதை நான் எழுதவில்லை. உங்கள் அலுவலகம் எழுதியது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்.

மூன்றாம் தேதி வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஆட்டோவில் ஓர் ஆக்சிஜன் மெஷினைக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“நல்லா ஓடுதுங்க” என்றார். “அதான் பிரச்சினை. ஒரு நாள் சும்மா போட்டுப் பார்த்தேன். பக்கத்து ரூம்ல அவ இருக்கற மாதிரியே சத்தம். எடுத்துக்கோங்க.”

பதிவேட்டில் ஏற்றினேன். மஞ்சள் சீட்டில் தேதி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மழை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், ஒருவரும் எதையும் விற்க வரவில்லை. செவ்வாய் விடுமுறை. ஒன்பதாம் தேதி ஒரு மர நாற்காலி வந்தது, அது நாற்பத்திரண்டாம் பக்கம் முதல் வரி. ஆகவே நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியில் மெஷின் தனியாக நின்றது.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, மாமா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். ஒரு படிவம் பூர்த்தி செய்து வைத்திருந்தார். எழுத்து நடுங்கியிருந்ததே தவிர ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

“சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும் மாப்பிள்ளை.”

“எதுக்கு மாமா?”

“லைசென்ஸத் திருப்பிக் குடுக்கறேன். நாப்பது வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாம வச்சிருந்தேன். இனிமேலும் அப்படியே இருக்கணும்.”

“அதான் நான் இருக்கேனே மாமா.”

“அதான் மாப்பிள்ளை, அதுக்குத்தான்.”

கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்றால் நடப்பதைப் பார்த்தவன் என்று அர்த்தம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதன்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, தன் மகளிடம், அதாவது என் மனைவியிடம், கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. படிவம் தலையணைக்கு அடியில் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு மெஷின் நின்றுவிட்டது. அதை நான் நிறுத்தவில்லை. நீங்கள் அப்படி நினைக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பழுது பார்த்த மெக்கானிக்கை விசாரிக்கலாம். உள்ளே ஏதோ ஒரு வால்வு போய்விட்டது, புதன்கிழமைதான் வரும் என்றார். என் மனைவி எங்கோ அலைந்து ஒரு சிலிண்டர் கொண்டுவந்தாள். கொஞ்சமாகத் திறந்து வைத்தால் செவ்வாய் காலைவரை தாங்கும் என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மாமா மாட்டேன் என்றார். “அங்க போனா எனக்கும் ஒரு சீட்டக் கட்டி மூலையில போட்டுருவாங்க.”

நான் கடைக்குக் கிளம்பினேன். ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். நடக்கிற தூரம் ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தில் எனக்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை. கடையில் ஒரு மெஷின் இருக்கிறது, முந்தாநாளோடு அதன் காத்திருப்பு முடிந்துவிட்டது, இனி அதைக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே லைசென்ஸ் தொங்கியது. உட்கார்ந்து பார்த்தால் அது சரியாகக் கண் மட்டத்தில் இருந்தது. ஒன்பது வருஷத்தில் அன்றுதான் அதைக் கவனித்தேன்.

மத்தியானம் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது என் மனைவி சாலையின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அந்தச் சாலையைக் கடக்க இரண்டு நிமிஷம் ஆகும். பதிவேட்டைத் திறந்தேன். மூன்றின் இடப்பக்கம் இரண்டு வளைவு போட்டால் அது எட்டு. மஞ்சள் சீட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எட்டு என்று எழுதிய புதுச் சீட்டு ஒன்றைக் கட்டினேன். கண்டக்டரின் கையெழுத்தைப் போடுவதும் சிரமமாக இல்லை. அவள் உள்ளே வரும்போது நான் ஒரு கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, நம்ம கடையில ஒரு மெஷின் இருக்கறதா சொன்னீங்கல்ல?”

“இருக்கு. காத்திருப்புல இருக்கு.”

“எவ்வளவு நாள்?”

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். விரல் விட்டு எண்ணினாள். அவளும் அந்தக் கடையில் வளர்ந்த பெண். வந்த நாளை விட்டுவிட்டுத்தான் எண்ணினாள்.

“இருபத்தி நாலா?”

“ஆமா.”

“இந்தச் சீட்டக் கழட்டிப் போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியும்?”

“உங்க அப்பாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுரு.”

போன் போட்டாள். சத்தம் எனக்கும் கேட்கும்படி வைத்தாள். மாமா இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“என்னைக்கு வந்தது?”

“எட்டாம் தேதின்னு போட்டிருக்குப்பா.”

“அப்ப இருபத்தி நாலுதான். மாப்பிள்ளை சரியாத்தான் சொல்றார்.”

ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அப்பா, உங்களுக்குத்தானேப்பா” என்றாள் அவள்.

“எனக்குன்னா மட்டும் என்ன, எட்டு பத்தாயிருமா?”

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த மெஷின்மேல் கையை வைத்து நின்றாள். பிறகு போய்விட்டாள். சீட்டைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தக் குடும்பத்தில் யாரும் கழற்ற மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை இன்னொரு சிலிண்டர் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு இடத்தில் கேட்டேன். இரண்டிலும் இல்லை என்றார்கள். மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அங்கே நான் போகவில்லை. வீட்டில் “இல்லைன்னுட்டாங்க” என்று சொன்னேன். அது பொய் அல்ல.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குச் சிலிண்டர் தீர்ந்தது. அப்பா என்ன சொன்னாலும் சரி என்று என் மனைவி ஆம்புலன்ஸ் கூட்டிவரக் கிளம்பினாள். போன் போட்டு யாரும் எடுக்காததால் நேரிலேயே போனாள். “பக்கத்துலயே இருங்க, கையப் புடிச்சுக்கோங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். இருந்தேன். பிடித்துக்கொண்டேன்.

கடைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது, பழைய மஞ்சள் சீட்டுக்குப் பக்கத்தில். போக ஏழு நிமிஷம். தூக்கிக்கொண்டு வரப் பதினைந்து என்று வைத்துக்கொண்டாலும் அரை மணிக்குள் முடிகிற வேலை. ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை. விடுமுறை நாளில் கடையைத் திறக்கக் கூடாது.

மாமா என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த மாதக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எதையோ எண்ணுகிறார் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“இன்னைக்கு... இருபத்திரண்டு” என்றார்.

“ஆமா மாமா.”

“செவ்வாய்.”

“ஆமா.”

இந்த இடத்தில் நிறைய நேரம் ஆனது.

“அப்ப எட்டாம் தேதி... செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை.”

நான் திரும்பிக் காலண்டரைப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. பேனாவை வைத்திருந்த அவசரத்தில் மூன்றை எதுவாக மாற்ற முடியும் என்று பார்த்தேனே ஒழிய, அது என்ன கிழமையில் போய் விழும் என்று பார்க்கவில்லை. உங்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, படுக்கையில் இருந்தபடி, பதிவேட்டைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார். என்ன ஒரு லைசென்ஸ்தாரர் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

“மூச்ச வீணாக்காதீங்க மாமா” என்றேன்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. கண் மட்டும் என் சட்டைப்பைக்கு வந்தது. சாவி துருத்திக்கொண்டு இருந்தது. கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். மனைவி பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால் நான் விடவில்லை. பத்து நாற்பதுக்கு முடிந்தது. பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. விடுமுறை நாளாக இருந்ததால் வியாபாரம் கெடவில்லை.

தலையணைக்கு அடியில் இருந்த படிவத்தை நான் கிழிக்கவில்லை. எங்கள் கடையில் எதையும் கிழிப்பதோ எறிவதோ கிடையாது. சமர்ப்பிக்கிற நாளில் கையெழுத்திட்டவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் அது தானாகச் செல்லாமல் போய்விட்டது. லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். இருபத்தெட்டாம் தேதி நீங்கள் ஆய்வுக்கு வந்தீர்கள். டீ குடித்தீர்கள். “இந்த ஊர்லயே சுத்தமான பதிவேடு இதுதான்” என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினீர்கள்.

எட்டை வேறு எதுவாகவும் மாற்ற முடியாது, சார். ஒரு வாரமாக முயன்று பார்த்தேன். ஒன்பதாக்கலாம் என்றால் கீழே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பூஜ்யமாக்கினால் அப்படி ஒரு தேதியே இல்லை.

துக்கம் கேட்க வருகிற எல்லோரிடமும் என் மனைவி ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறாள். “அப்பாவே சரின்னு சொல்லிட்டாருங்க. இவர் என்ன பண்ணுவார், பாவம்.” சீட்டை அன்றைக்கே கழற்றாமல் விட்டது தன் தப்பு என்று நினைக்கிறாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் சரியான நேரத்துக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் நோட்டீஸை மூன்று தடவை படித்தேன். எட்டாம் தேதி என்பது உண்மை என்றால் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்தக் கடை விடுமுறை நாளில் பொருள் வாங்கியிருக்கிறது என்று ஆகிவிடும். அதுவும் என் கையால். மாமா அப்படித்தான் ஆகும் என்று சொல்லியிருந்தார். அதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆகவே விளக்கம் பின்வருமாறு. பதிவேட்டில் திருத்தம் செய்தால் பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது பன்னிரண்டாவது விதி. நான் போடவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்; அதற்கு எச்சரிக்கைக் கடிதம் போதும் என்று விதியிலேயே இருக்கிறது. மாமாவைக் கொன்றது நான்தான். அதற்கு இந்த முப்பத்தொன்றில் விதி எதுவும் இல்லை. வேறு அலுவலகத்துக்கு நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

கண்டக்டர் கையெழுத்திட்ட அசல் மஞ்சள் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். சட்டைப்பையில் இருந்ததால் ஓரம் கொஞ்சம் கசங்கியிருக்கிறது, தேதி தெளிவாகத் தெரியும். பொருள் மூன்றாம் தேதி வியாழக்கிழமை, கடை திறந்திருந்த நேரத்தில், உரியவரிடமிருந்து வாங்கப்பட்டது. பதினெட்டாம் தேதியோடு அதன் காத்திருப்பு முடிந்தது. பத்தொன்பதிலிருந்து யார் வந்து கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கலாம்.

விடுமுறை நாளில் பொருள் வாங்கியதாக என்மேல் சுமத்தப்பட்டுள்ள குற்றச்சாட்டை நீக்கி, இந்தக் கடையின்மேல் கரும்புள்ளி எதுவும் இல்லை என்று பதிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.